அது சல்யூட் அல்ல

2008 அக்டோபர் 4, சனி

இன்று சாயங்காலம் மாதா சொரூபம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஜெபமாலைக்கு இருந்தவர்கள்: நான்; என் கணவர் ருஃபீனோ, வீட்டில் ருஃபோ; தலையணை முட்டுக்கொடுத்த சாய்வு நாற்காலியில் பிரிமா அக்கா; கார்மெலிங்; அவள் கணவர் தோனிங்; பக்கத்து வீட்டு ஒடெல் அம்மாள். ஒடெல் அம்மாள் நம் சபை இல்லை, சாப்பாட்டுக்குத்தான் வருகிறாள், ஆனால் எல்லாருக்கும் முன்னால் முழங்கால் போடுகிறாள். ஆக ஆறு பேர். பங்குத்தந்தை வருவதாகச் சொன்னார். வரவில்லை. பிரிமா அக்கா வளர்த்த பிள்ளை ஜோவித் கடற்படைக் கப்பலில், பயிற்சியில்.

ஆனது: பான்சித் நூடுல்ஸ் பெரிய தட்டு இரண்டு. லும்பியாச் சுருள் அறுபது பொரித்தேன், நான்கு மிச்சம். மெழுகுவத்தி இரண்டு, அதில் ஒன்று பாதி இருக்கிறது, அடுத்த வீட்டுக்கு மாதாவோடு அனுப்பினேன்.

பிரிமா அக்காவால் ஜெபமாலையில் மூன்றாம் பத்துமணியைத் தாண்ட முடியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. முடிந்ததும் கார்மெலிங்தான் கேட்டாள்: "அக்கா, ஜோவித்துக்குச் சொல்லியாச்சா?"

"அவனுக்கு வேலை இருக்கும்டி."

"வேலை யாருக்குத்தான் இல்ல? கப்பல் அவன் ஒருத்தன் தலையிலயா ஓடுது?"

அக்கா சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. வியாழனன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் பற்றிப் பேசவேண்டாம் என்றார். பிள்ளையைக் கூப்பிடுவதானால் இப்போதே கூப்பிடுங்கள் என்றார். திங்கட்கிழமை நான் போன் செய்கிறேன் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். பயிற்சி நடக்கும்போது கப்பலின் போன், மின்னஞ்சல் இரண்டையும் அடைத்துவிடுகிறார்கள். அவசரச் செய்தி என்று ஒன்று இருக்கிறது, அது மட்டும் போகும்.

அக்டோபர் 6, திங்கள்

அருள் நிறை மரியே மூன்று சொல்லிவிட்டு அவசரச் செய்தி அனுப்பும் அலுவலகத்தின் எண்ணைச் சுற்றினேன்; ஒரு பெண் எடுத்தாள். நோயாளி பெயர், டாக்டர் பெயர், நோய், எல்லாம் எழுதிவைத்திருந்தேன். ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னேன்.

"மாலுமிக்கு நோயாளி என்ன உறவு?"

"பெரியம்மா."

"அம்மாவா?"

"அம்மா மாதிரி. பெத்தவ செத்துட்டா, இவங்கதான்…"

"மாதிரிங்கிறதெல்லாம் இங்க கட்டத்துல இல்லைங்க மேடம். அம்மாவா, இல்லையா?"

என்ன சொல்வேன்? வாரம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள் நான். "அம்மாவோட அக்கா," என்றேன். டக் டக் என்று தட்டும் சத்தம் கேட்டது.

"கோவிச்சுக்காதீங்க மேடம், உங்க ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு டஜன் அத்தை, பெரியம்மா இருக்காங்க. எல்லாருக்கும் விமானம் விட முடியாதில்லையா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மரியாதையான குரல். அந்த மரியாதைதான் இன்னும் காதில் எரிகிறது.

எங்கள் ஃபிலிப்பைன்ஸ் பேச்சில் அந்தச் சொல்லுக்குள்ளேயே அம்மா இருக்கிறாள். அதை ஆங்கிலத்தில் சொன்ன மாத்திரத்தில் அம்மா உதிர்ந்துபோனாள்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அம்மான்னு சொல்லியிருக்கலாமே சாலி," என்றாள்.

"பொய்யாயிடுமே அக்கா."

என்னையே பார்த்தாள். "எது?" என்றாள்.

அக்டோபர் 8, புதன்

கப்பலிலிருந்து பதில். செய்தி மாலுமியிடம் சேர்ந்தது. உறவு: பெரியம்மா. விமானத்தில் இடம் இருந்தால் அனுப்பப்படுவார்.

இடம் இருந்தால்!

ஜோவித்தைப் பெற்ற மறுவாரமே அவன் அம்மா போனாள். தொப்புள் காயாத பிள்ளையை வாங்கி வளர்த்தவள் பிரிமா அக்கா. அவனுக்காக மறு கல்யாணம் வேண்டாம் என்றவள். பள்ளிக்கூடத்தில் அவன் அடிபட்டு வந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினவள். காகிதத்தில் அவனுக்கு ஓர் அப்பா இருக்கிறார், கலிபோர்னியாவில். கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை போட்டதில்லை. அந்த மனுஷனுக்கு ஒரு காய்ச்சல் என்றால் ஜோவித்தை அன்றைக்கே ஏற்றி அனுப்புவார்களாம். ருஃபோவிடம் கேட்டேன், ஆமாம் என்கிறார். இது என்ன நியாயம்? யார் எழுதிய நியாயம்?

கப்பல் உலகத்தின் மறுகோடியிலா நிற்கிறது? இதோ, நம் கடற்கரைக்கு நேர் கிழக்கே. என் வீட்டுக்காரர் காலையில் முட்டையும் பூண்டுச் சோறும் சாப்பிட்டுவிட்டுக் கடற்படைச் சாமான் விமானத்தில் வேலைக்குப் போய், தபாலையும் உதிரிப்பாகத்தையும் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வந்து என்னிடம் காபி கேட்கிறார். "பறக்குற மளிகை வண்டி" என்று அவரே கேலி செய்வார். அந்த மளிகை வண்டியில் வரும்போது ஒரு பிள்ளைக்கு இடம் இல்லையா?

"வளர்த்தவங்களையும் பெத்தவங்களாக் கணக்கு வைக்கலாம்னு விதி இருக்கு சாலி," என்றார் ருஃபோ. "ஆனா முடிவு கப்பலோடது. கீழ ஒருத்தர் 'பெரியம்மா'ன்னு பாத்துட்டு ஓரமா வெச்சிருப்பாரு."

"வெள்ளிக்கிழமை போறீங்கல்ல? வரும்போது இடம் இருக்குமா?"

காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரையே போடவில்லை, எதைக் கலக்கினாரோ. "நாளைக்குக் கப்பலைச் சுத்திக் காட்டக் கௌரவ விருந்தாளிங்களை ஏத்திக்கிட்டுப் போறோம். ஒரு ராத்திரி கப்பல்ல தங்குவாங்க. வெள்ளிக்கிழமை அவங்களைக் கூட்டிக்கிட்டு வரணும்."

அக்டோபர் 9, வியாழன்

இன்று கணக்கு எழுதவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

வாசலில் வண்டி நின்றதுமே ஓடினேன். ருஃபோ மட்டும் இறங்கினார்.

தொப்பியைக் கழற்றாமலே சமையலறையில் உட்கார்ந்தார். எண்ணெய்ப் புகை நாற்றம். நான் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே நின்றேன்.

"எல்லா நாற்காலியும் நிறைஞ்சிடுச்சா?"

"நிறைஞ்சிடுச்சு."

"யாரு?"

"அதான், விருந்தாளிங்க. கார் கடை வெச்சிருக்கவர், பேங்க் காரர், ரேடியோல பேசுறவர்… நல்ல மனுஷங்கதான் சாலி. ஒருத்தர் வாந்தி எடுத்தாரு, பாவம்."

"பாவமா! அவங்களை நாற்காலியில உட்கார வெச்சு வார் கட்டி விட்டது யாரு?"

"அது என் வேலை."

"உங்க கையாலயா?"

"பட்டியல்ல இருக்கிற பேரை நான் அடிக்க முடியாதுடி. நான் ஏத்துறவன், எழுதுறவன் இல்ல."

அதற்கு மேல் நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். நாளை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு மெதுவாக, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஜோவித்துக்குக் கப்பலின் மேல்தளத்தில்தான் வேலை. விமானத்தைக் கவண்கல் போல எறிந்து அனுப்புகிற பொறி இருக்கிறதே, அதில். பையைக் கட்டி வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்தானாம். இடமில்லை என்றதும் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டான். விருந்தாளிகள் தலைக்கவசமும் கண்ணாடியுமாக வரிசையில் வந்து விமானத்தின் பின்வாசல் வழியே ஏறினார்கள். ருஃபோ அந்தச் சரிவின் மேலே நின்றார். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது, எல்லாம் கைஜாடைதான். ஜோவித் கொஞ்சம் தள்ளி நின்று இவரையே பார்த்தான். பிறகு வலது கையை மடக்கிப் புறங்கையை நெற்றியில் வைத்தான். வைத்துத் தலையைக் குனிந்தான்.

நம் பிள்ளைகள் பெரியவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றி ஆசி வாங்குவார்களே, அது. அங்கே கை இல்லை, அதனால் தன் கையையே வைத்துக்கொண்டான். அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று அர்த்தம். வேறென்ன?

"அப்புறம்?"

"அப்புறம் கதவை மூடிட்டேன். அவங்கதான் எறிஞ்சாங்க."

அவன் கையாலேயே அந்த விமானத்தை அனுப்பியிருக்கிறான். தன் நாற்காலியை, அதில் உட்கார்ந்த ஆளோடு சேர்த்து. மாதாவே, இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?

ருஃபோ சாப்பிடவில்லை. முகம் கழுவிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனார், நானும் போனேன். சொல்லாமல் கொள்ளாமல் கட்டிலருகே முழங்கால் போட்டு, அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். "இது ஜோவித்தோடது அக்கா," என்றார். "கொடுத்தனுப்பினான்."

அக்கா கையை எடுக்கவே இல்லை. நான் சொன்ன வார்த்தைகளையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இவரிடம் சொன்னதை மட்டும். மற்றவர்களைப் பற்றிச் சொன்னதை அல்ல.

அக்டோபர் 12, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பூசை முடிந்து மண்டபத்தில் காபி. இன்று ஊற்றும் முறை என்னுடையது. பிராம்லெட் வந்திருந்தார், கார் கடைக்காரர், மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தந்தவர். கையில் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். விமானத்தில் போய்க் கப்பலில் இறங்கியவர்களுக்குக் கொடுப்பது. ருஃபோ சொன்ன கார் கடைக்காரர் இவர்தான் என்று அப்போதுதான் உறைத்தது. சுற்றிலும் கூட்டம். மனுஷன் நன்றாகக் கதை சொல்லுவார், அதை மறுக்க மாட்டேன்.

"பின்னாடி பாத்து உட்கார வெச்சிடுறாங்கப்பா! ஜன்னலும் இல்ல, ஒண்ணும் தெரியல. திடீர்னு விமானத்து ஆளுங்க ரெண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிக் கத்துறாங்க. அவ்வளவுதான், எறிஞ்சுட்டாங்க! என் கண்ணு ரெண்டும் வால் பக்கம் போயிடுச்சு, நான் மட்டும் வார்ல தொங்கிக்கிட்டிருக்கேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் வந்தது. மன்னிக்கட்டும்.

"ஆனா ஒண்ணு சொல்றேன். ஏறும்போது ஒரு பையன், பச்சைச் சட்டை, உங்க ஃபிலிப்பைன்ஸ் பையன்தான், என்னைப் பாத்து ஒரு சல்யூட் அடிச்சான் பாருங்க! கை திரும்பியிருந்துச்சு, புறங்கை நெத்தியில, தலையும் குனிஞ்சுக்கிட்டான். தப்பான சல்யூட். ஆனா மனசு! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. நானும் நின்னு ஒண்ணு அடிச்சேன் பதிலுக்கு."

பதிலுக்கு அடித்தாராம்! வாங்கிக்கொண்டாராம்!

காபிக் குடுவையைக் கீழே வைத்தேன். ருஃபோ மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து தலையை ஆட்டுகிறார், வேண்டாம் வேண்டாம் என்று. பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"அது சல்யூட் இல்ல சார்."

"என்னம்மா?"

"உங்களுக்கு அடிச்சதும் இல்ல. உங்களுக்குப் பின்னாடி என் வீட்டுக்காரர் நின்னுக்கிட்டிருந்தார். சாகக் கிடக்கிற அம்மாவுக்கு அவர்கிட்ட கொடுத்தனுப்பின ஆசி அது. அந்தப் பையன் பையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வரக் காத்திருந்தவன். நீங்க உட்கார்ந்து வந்தீங்களே, அது அவனோட நாற்காலி."

அவ்வளவுதான் சொன்னேன். பிராம்லெட்டின் முகம் காதுவரை சிவந்தது.

"யாரும் என்கிட்ட சொல்லலையே அம்மா. சொல்லியிருந்தா எழுந்து கொடுத்திருப்பேனே."

"கொடுத்திருப்பீங்க சார். அதனாலதான் அவங்க சொல்லல."

பங்குத்தந்தை என் முழங்கையைத் தொட்டார். "சலோமே, கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்."

"மெதுவாத்தான் சாமி ஒரு வாரமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

வெளியே வந்ததும் கார்மெலிங் என் கையைக் கிள்ளினாள். "இனிமே கூரை ஒழுகினா வாளியோட உன்னைத்தான் மேல ஏத்துவாங்க, பாத்துக்க." இருவரும் சிரித்தோம், பிறகு நான் காருக்குள் அழுதேன்.

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். 'அம்மாவுக்கு' என்று சொல்லியிருக்கிறேன். அத்தனை பேர் முன்னால், பூசை முடிந்த கையோடு. நாக்கு தடுக்கவே இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

மத்தியானம் கடற்படைத் தளத்திலிருந்து போன். ஜோவித்துக்கு நாளை விமானத்தில் இடம்.

கை தட்டினேன். மாதா முன்னால் விழுந்து கும்பிட்டேன். சிறிது நேரம் கழித்து ருஃபோ விஷயம் கேட்டு வந்து சொன்னார்: நேற்று சாயங்காலமே பிராம்லெட் யாரையோ கூப்பிட்டாராம், அந்த யாரோ கப்பலைக் கூப்பிட்டாராம்.

அப்படியா சேதி! நாங்கள் கேட்டால் விதி. அவர் கேட்டால் வழி. அடைத்துக் கிடந்த தொடர்பு அவருக்குத் திறக்கிறது. இல்லாத நாற்காலி முளைக்கிறது. பெரியம்மா ஒரு ராத்திரியில் அம்மாவாகிவிடுகிறாள்!

பிராம்லெட்டைக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். உண்மையாகவே சொன்னேன், மனுஷன் உடனே செய்தார். ஆனாலும் வயிறு எரிகிறது. ஒரே நெஞ்சில் இரண்டும் இருக்கிறது, என்ன செய்ய?

அக்டோபர் 14, செவ்வாய்

ஜோவித் வந்தான். ருஃபோதான் வார் கட்டிவிட்டாராம். "ரொம்ப இறுக்கிட்டாரு சித்தி, மூச்சு விட முடியல," என்று வாசலிலேயே புகார்.

அக்காவை இரண்டு தலையணையில் உயர்த்தி உட்கார வைத்திருந்தேன். அவன் கிட்டே போனதும் முதலில் அவள் சொன்னது: "என்னடா இது, துணி துவைக்க கப்பல்ல தண்ணியே இல்லையா?" சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். அவன் வாங்கி நெற்றியில் வைத்தான். வைத்தபடியே இருந்தான், முதுகு குலுங்கியது.

"அன்னிக்கு அனுப்பினதும் வந்து சேர்ந்துச்சுடா," என்றாள். "உங்க சித்தப்பா நெத்திதான் சொரசொரன்னு இருந்துச்சு."

அக்டோபர் 16, வியாழன்

இரண்டு கரண்டி அரிசிக் கஞ்சி குடித்தாள். ஜோவித் ஊட்டினான்.

அக்டோபர் 18, சனி

பிரிமா அக்கா விடியற்காலையில் காலமானாள். பாட்டும் ஜெபமுமாக நாங்கள் எல்லாரும் இருந்தோம். கை ஜோவித்திடம் இருந்தது.

அடக்கம் செய்கிறவர் வந்து விவரம் கேட்டார். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு தம்பி? "மகன்," என்றான். அந்த மனிதர் தலையை அசைத்து எழுதிக்கொண்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. செத்த பிறகு எவ்வளவு சுலபம்!

அக்டோபர் 26, ஞாயிறு

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்தது. ஜோவித் நாளை கப்பலுக்குத் திரும்புகிறான்.

பாத்திரம் துடைத்துக்கொண்டே, கப்பல் நண்பன் தபாலில் எழுதியிருந்த ஒரு விஷயம் சொன்னான். கப்பல் சலவைக்கூடத்தில் கோரலீ என்று ஒரு பெண், லூசியானாக்காரி. அவளை வளர்த்தது அண்டை வீட்டு அம்மாள். அந்த அம்மாளுக்குப் பக்கவாதம் என்று போன வாரம் செய்தி வந்திருக்கிறது. உறவு என்ற இடத்தில் 'அண்டை வீட்டார்' என்று போட்டுவிட்டார்களாம். இடம் இருந்தால் அனுப்பப்படுவார். அடுத்த வாரம் மறுபடி விருந்தாளிகள்.

அவளுக்குக் கார் கடைக்காரர் யாரும் தெரியாது.

நான் உடனே காகிதம் எடுத்தேன். ருஃபோ கதவருகே நின்றார். "சாலி, எழுதாத. நவம்பர்ல என் பதவி உயர்வு பேசப் போறாங்க. நம்ம பேரு அடிபட வேணாம்."

"உங்க பேரைப் போடல. என் பேரைத்தான் போடறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அக்டோபர் 27, திங்கள்

விடிந்து பார்க்கிறேன், மேஜையில் வைத்திருந்த என் கடிதத்தின் கீழே ருஃபோவின் கையெழுத்து. பதவி, எண் எல்லாம் போட்டு, தேதியோடு. நான் கேட்கவில்லை. முட்டையும் பூண்டுச் சோறும் சாப்பிட்டுவிட்டு, தபால் மூட்டையோடு அவரே அதைக் கொண்டுபோனார். ஜோவித்தும் அதே விமானத்தில் போனான். பிரதி இங்கே:

கப்பல் தலைவர் அவர்களுக்கு.

ஐயா, ஜோவித்தை அனுப்பியதற்கு நன்றி. அவன் தன் தாயை உயிரோடு பார்த்தான். தாய் என்று நான் எழுதுவது தெரிந்தேதான். முதலில் உங்கள் ஆட்களிடம் பெரியம்மா என்று சொன்னது நான்தான். அதுவும் உண்மை, இதுவும் உண்மை. இரண்டு உண்மையில் ஒன்றுக்கு நாற்காலி உண்டு, மற்றதற்கு இல்லை என்று இருக்கக் கூடாது.

உங்கள் விருந்தாளிகள்மேல் எனக்கு வருத்தமில்லை. நாற்காலி யாருடையது என்று அவர்களிடம் ஏறுமுன் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் எழுந்து கொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் சலவைக்கூடத்தில் கோரலீ என்ற பெண் இருக்கிறாள். அவளை வளர்த்தவர் படுக்கையில் இருக்கிறார். இந்தக் கடிதம் வரும் விமானம் இன்று மாலையே திரும்பும். அதில் இல்லாவிட்டால் அடுத்ததில் அவளுக்கு ஓர் இடம் கொடுங்கள். கொடுப்பீர்களா, மாட்டீர்களா? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.